கடைசியாக எப்போது பேசினார்?

டிப்போவில் அவளை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். படிக்கட்டில் ஒருவன் தொங்குவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால், இருக்கையை விட்டு எழாமலேயே ஒரு சத்தம் போடுவாள். கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். "உன் வண்டிக்கு எதுக்குத் தனியா ஒரு ஹாரன்?" என்று மெக்கானிக் ஒருவர் கேட்டதுதான் பெயராக ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கத்துகிறவர்களோடு அவளால் எப்படியும் காலம் தள்ள முடியும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டால்தான் ஆகாது.

காரணம், அவளுடைய அப்பா.

அப்பா மோட்டார் உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நின்றவர். தேய்ந்த பேரிங்கையோ உடைந்த கிளிப்பையோ முன்னால் வைத்தால் ஒரு பார்வை பார்ப்பார், உள்ளே போவார், சரியான சாமானை எடுத்துவந்து வைப்பார். பேச்சே கிடையாது. கடையில் அதைத் திறமை என்றார்கள். வீட்டில் அதே குணம் வேறு வேலை செய்தது. அவர் திட்ட மாட்டார், கை ஓங்க மாட்டார், குடிக்க மாட்டார். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு வேளை, இரண்டு வேளை அல்ல, வாரக்கணக்கில். போட்டதைச் சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், வேலைக்குப் போவார், வருவார், படுப்பார். ஏதாவது கேட்டால் சுவரைப் பார்ப்பார். எதற்காகக் கோபம் என்பதை வீட்டில் இருப்பவர்களே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஒரு நாள் காலையில், "பேப்பர் வந்துச்சா?" என்பார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் இன்னும் நீளும். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. நடக்கப் பழகும் வயதிலேயே பிள்ளைகளுக்குப் படிந்துவிட்டது. அக்கம்பக்கத்திலோ அவருக்கு நல்ல பெயர். "தங்கமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் பிரிவில் வேலை பார்த்தவள். அவள் ஓய்வு பெற்ற அன்றைக்குத்தான் மகள் முதல் தடவையாக அங்கே போனாள். வாசலில் நின்ற ஒரு பெண், "அட, நம்ம ரேடியோவோட பொண்ணா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு யாரையோ சொல்கிறாள் என்று மகள் நினைத்தாள். உள்ளே போய்ப் பார்த்தால், தலையில் வலைத் தொப்பியோடு அம்மா நடுவில் நின்று சூப்பர்வைசரைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் குரலை மகள் அதுவரை கேட்டதே இல்லை. மாலையில் இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். தெருமுனை வரைக்கும் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். மாடிப்படியில் கால் வைத்ததும் நிறுத்திவிட்டாள். அன்று மகளுக்கு வந்த கோபம் பிறகு முழுதாக இறங்கவே இல்லை.

கனரக வாகன லைசென்ஸ் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, அப்பா அந்த மழைக்காலம் முழுவதும் வாய் திறக்கவில்லை. மழை விடுவதற்குள் அவள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். பிறகு கல்யாணமும் அங்கேயே நடந்தது. கணவன் எலக்ட்ரீஷியன், நாள் முழுக்கப் பேசுகிறவன். அவனைப் பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம்.

இந்தத் தடவை அவள் ஊருக்கு வந்தது அம்மாவை அழைத்துப் போக. புது வீட்டுக்குக் குடிபோய் வெகுநாளாகியும் அம்மா வந்து பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கிளம்புவதாகத் திட்டம். அம்மா துணிகளை ஏற்கெனவே பையில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது மகள் நேராகவே சொன்னாள்: "அப்பா, ஞாயித்துக்கிழமை அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன். ஒரு வாரம் இருந்துட்டு வரட்டும்."

அப்பா மென்றுகொண்டிருந்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் ஜெராக்ஸ் மெஷின்களைப் பழுதுபார்க்கிறவன்; அப்பா அம்மாவோடுதான் இருக்கிறான். எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நழுவுவதையே ஒரு வித்தையாகக் கற்றுவைத்திருந்தான்.

"தண்ணி" என்றார் அப்பா.

அம்மா ஊற்றினாள். குடித்தார். எழுந்து கை கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

"ஆரம்பிச்சுட்டார்" என்றான் தம்பி மெதுவாக.

காலையில் மகள் எழுந்து வந்தபோது அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்த பையை வெளியே இழுத்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"இப்ப வேணாம்டி. அவருக்குப் பிடிக்கல. இன்னொரு தடவை பாக்கலாம்."

"பிடிக்கலைன்னு சொன்னாரா?"

"சொல்லணுமா? டீயை வச்சேன், திரும்பிக்கூடப் பாக்கல. அப்படியே ஆறிக் கிடக்கு."

"அவர் வாயை மூடினா உன் காலை யாராவது கட்டிப்போட்ட மாதிரியா? இந்த வயசுல பொண்ணு வீட்டுக்குப் போறதுக்கு சுவத்துகிட்ட அனுமதி கேக்கணுமா?"

"மெதுவாப் பேசு."

"பேச மாட்டேன்! மெதுவாப் பேசிப் பேசித்தான் இந்த வீடே இப்படி ஆச்சு."

குளித்து முடித்து வந்த தம்பி அவளைச் சமையலறை ஓரமாக இழுத்தான். "அக்கா, கொஞ்சம் அடக்கி வாசி. காலையிலயே தண்ணி டம்ளரைத் தூக்கிப் போட்டுட்டார். இந்தத் தடவை கோபம் ஜாஸ்திதான்."

அதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. பேசாமல் கொன்றது போதாதென்று இப்போது பாத்திரத்தை வேறு வீசுகிறாரா? விடுவிடுவென்று கூடத்துக்குப் போனாள். ஜன்னலோரம் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். பேப்பர் நழுவிக் காலடியில் கிடந்தது. அவள் அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள். அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியம் அது.

"என்ன வேணும் உங்களுக்கு? அம்மா போகக் கூடாதா? வாயைத் திறந்து 'போகாதே'ன்னு சொல்லுங்க. நாங்க திருப்பி நாலு வார்த்தை கேக்கறோம். சண்டை போடலாம், தப்பில்ல. இது என்ன, உயிரோட இருக்கும்போதே பொணம் மாதிரி உக்காந்துக்கிட்டு வீட்டையே பயமுறுத்தறது? நாங்க என்ன உங்க கவுன்டர்ல நிக்கற கஸ்டமரா? இன்னைக்கு நீங்க பேசியே ஆகணும்!"

அப்பா வாயைத் திறந்தார்.

எத்தனையோ வருஷங்களில், பேசாமல் இருக்கும் நாட்களில் அவர் ஒரு தடவைகூட வாயைத் திறக்க முயன்றதில்லை. உதடுகள் பூட்டுப் போட்டதுபோல இருக்கும். இப்போது அவர் முயன்றுகொண்டிருந்தார். நாக்கு புரண்டது. "ழ... ழ..." என்று ஏதோ வந்தது. வாயின் வலது ஓரம் கீழே இழுத்திருந்தது, அந்தப் பக்கம் எச்சில் வழிந்தது. வலது கை மடியில், தன்னுடையது அல்லாத பொருள்போல, உள்ளங்கை மேலே தெரியக் கிடந்தது. கண்கள் மட்டும் அவளையே பிடித்துக்கொண்டிருந்தன.

"அம்மா!" என்று அவள் போட்ட சத்தம் கீழ்த்தளத்து பெயின்ட் கடைக்காரருக்கே கேட்டது. அவர்தான் முதலில் ஓடிவந்தார்.

நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை. பெயின்ட் கடைக்காரரின் வேனில் டப்பாக்களைத் தள்ளிவிட்டு அப்பாவைப் படுக்கவைத்தார்கள். தலையை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். "சாவி குடுங்க" என்று வாங்கி மகளே ஓட்டினாள். சந்தைத் தெருவில் ஒரு லாரியைப் பின்னால் போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: அவள் ஓட்டும் வண்டியில் அப்பா ஏறியது இதுதான் முதல் தடவை. ஏற மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாயில்லாமல் போனதால் ஏறியிருக்கிறார். அழுகை வரவில்லை. ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். அப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்தாள். அது பொத்தென்று விழுந்தது. சிரிக்கச் சொன்னாள், பாதி முகம்தான் அசைந்தது. நிமிர்ந்து மூவரையும் பார்த்துக் கேட்டாள்:

"கடைசியா எப்ப நல்லாப் பேசினார்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்து ராத்திரி சாப்பிடும்போது. 'தண்ணி'ன்னார்" என்றாள் அம்மா.

"அதுக்கப்புறம்?"

"பேசல."

"பேச முடியலையா, பேசலையா?"

"பேசல."

"அம்மா, ரெண்டும் ஒண்ணு இல்ல."

"எங்க வீட்ல ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர்."

டாக்டர் எரிச்சலை அடக்கிக்கொண்டாள். "மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு மாதிரி தெரியுது. அதைக் கரைக்க ஒரு மருந்து இருக்கு. ஆரம்பிச்சு சில மணி நேரத்துக்குள்ளதான் குடுக்கலாம். தாண்டிப்போய்க் குடுத்தா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். அதனாலதான் கேக்கறேன். இன்னைக்குக் காலையில இவர் சாதாரணமா நடந்தார், கையை ஆட்டினார்னு உங்க மூணு பேர்ல ஒருத்தர் சொன்னாப் போதும். யார் பாத்தீங்க?"

அம்மா டீ வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி சத்தம் கேட்டான், எட்டிப் பார்க்கவில்லை. மகள் எழுந்ததே தாமதம். ஒரே வீட்டில் மூன்று பேர். அந்த மனிதர் எப்போது சரியாக இருந்தார், எப்போது சாய்ந்தார் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகும் டாக்டர் தலையை ஆட்டிவிட்டாள். அந்த மருந்தைக் கொடுக்கவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்றாள். கால் தேறிவிடும், கை ஓரளவு வரும், பேச்சைப் பற்றித்தான் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் தம்பியின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "டம்ளர் எந்தக் கையில இருந்து விழுந்துச்சு?"

"பாக்கலக்கா."

"ஒரு நிமிஷம் முகத்தைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமேடா!"

"முகத்தை நாம எப்பக்கா பாத்தோம்?"

அவன் அதை எதிர்த்துச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் பிடியை விட்டாள். யார் மேல் கோபப்படுவது? தம்பி மேல் பட முடியாது. அம்மா மேல் பட முடியாது. படவேண்டிய ஆள் உள்ளே மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார். காலமெல்லாம் பேசாமல் இருந்து எல்லோரையும் பழக்கிவிட்டு, பேச முடியாமல் போன அன்றைக்கு யாருக்கும் வித்தியாசம் தெரியாதபடி செய்துவிட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவரைப் பார்த்து, வார்டு உதவியாளரிலிருந்து டீ விற்பவர் வரை "பாவம், பாவம்" என்றார்கள். இனிமேல் அவரை ஒரு வார்த்தை கேட்டால் அவள்தான் ராட்சசி. சண்டை போடும் உரிமையையும் சேர்த்துப் பறித்துக்கொண்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

டிப்போவுக்கு போன் செய்து லீவை நீட்டினாள். கன்ட்ரோலர் முணுமுணுத்தார். அவரிடம் கொஞ்சம் கத்தியதில் மனசு லேசானது.

சில நாட்கள் கழித்து, வார்டுக்கு மாற்றிய பிறகு, பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வந்தார். நல்ல பொறுமைசாலி. பூனை, கடிகாரம், கதவு என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டினார். அப்பா வியர்க்க வியர்க்க முயன்றார். ஒன்றும் வரவில்லை.

அதுவரை மூலையில் நின்றிருந்த அம்மா கேட்டாள், "நாம பேசறது அவருக்குப் புரியுதாங்க?"

"நல்லாப் புரியுதும்மா. பாருங்க, கண்ணை மூடச் சொன்னா மூடறார், பூனையைக் காட்டச் சொன்னா காட்டறார். உள்ள போறதுல கோளாறே இல்ல. வெளிய வர்றதுலதான் சிக்கல். நீங்க எவ்வளவு பேசறீங்களோ அவ்வளவு நல்லது."

"எவ்வளவு வேணா பேசலாமா?"

"தாராளமா."

"நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா.

பயிற்சிக்காரர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், அம்மா ஸ்டூலை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். மகள் அப்போதுதான் சாப்பாடு வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். முதலில் அம்மா ஏதோ ஆறுதல் சொல்கிறாள் என்றுதான் நினைத்தாள்.

"எங்க அப்பா செத்தப்ப போயிட்டு, சொன்னதுக்கு மேல ஒரு நாள் இருந்துட்டு வந்தேன். கதவைத் திறந்தீங்க. செத்துப்போன மனுஷனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அந்த மாசம் பூரா கேக்கல. நான் யார்கிட்டப் போய் அழறது? மாவு மூட்டை மேல உக்காந்து அழுதேன். கூட வேலை செஞ்சவளுங்க கண்ணைத் தொடச்சு விட்டாளுங்க. கட்டின புருஷன் நீங்க, பேப்பர் படிச்சீங்க."

குரல் ஏறவில்லை. நிதானமாக, விலாவாரியாக வந்தது. கால்மாட்டில் நின்ற தம்பியைக் கை காட்டினாள்.

"இவன் கைக்குழந்தையாக் காய்ச்சல்ல கொதிச்சப்ப, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமான்னு கேட்டேன். சுவத்தைப் பாத்தீங்க. சுவத்துக்கா பிள்ளை பெத்தேன்? என்ன தப்புன்னே தெரியாம எத்தனை மன்னிப்புக் கேட்டிருக்கேன்! உப்பு கம்மியானதுக்குக் கேட்டேன், லேட்டா வந்ததுக்குக் கேட்டேன், சிரிச்சதுக்குக் கேட்டேன். ஒரு தடவை, எதுக்கும் இருக்கட்டும்னு மொத்தமாக் கேட்டு வச்சேன்."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா எழுந்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் செருகி, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"எங்க திரும்புவீங்க? இந்தப் பக்கமும் நான்தான்."

பக்கத்துக் கட்டில்காரர் தன் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தார். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் தட்டோடு நின்றுவிட்டாள். தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. "அம்மா, போதும்மா. இந்த நிலைமையில அவரை..." என்று முன்னால் போனான். மகள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கே மனசு இரண்டு பக்கம் இழுத்தது. படுத்திருக்கும் ஒரு மனிதனை இப்படிப் பேசலாமா என்று ஒரு பக்கம். பேசட்டும், இன்னும் பேசட்டும் என்று இன்னொரு பக்கம். ஆனால் ஒன்று புரிந்தது. அவள் தொலைத்துவிட்டதாக நினைத்த உரிமையை அம்மா யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.

"நான் உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன். குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், அதெல்லாம் வேற. அதுக்காக நீங்க நல்லவர் ஆயிட மாட்டீங்க. உங்களுக்கு வாய் நல்லா இருந்துச்சு. இருந்தும் குடுக்கல. பிச்சைக்காரிக்குக்கூட 'இல்ல, போ'ன்னு ஒரு வார்த்தை கிடைக்கும். எனக்கு அதுகூடக் கிடைக்கல."

அப்பாவின் இடது கை படுக்கை விரிப்பைக் கசக்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் கூடிப் பிரிந்தன, மறுபடியும் கூடின.

"போ" என்றார்.

சுத்தமாக, யாருக்கும் கேட்கும்படி வந்தது அந்த வார்த்தை. பயிற்சிக்காரர் அட்டைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "வந்துடுச்சு! பாத்தீங்களா? முதல் வார்த்தை!"

தம்பி அம்மாவின் தோளைத் தொட்டான். "உன்னை வெளிய போகச் சொல்றாரும்மா."

"அப்படியா?" அம்மா அப்பாவையே பார்த்தாள். "எந்தப் 'போ' இது? வெளிய போங்கற 'போ'வா, பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வாங்கற 'போ'வா? விளக்கமாச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

உண்மையிலேயே காத்திருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல். அப்பா முயன்றார். முகம் சிவந்தது, கண்ணில் நீர் கட்டியது. கோபமா வருத்தமா என்று சொல்ல முடியவில்லை. வேறு வார்த்தை எதுவும் வரவில்லை.

"சரி" என்று எழுந்தாள் அம்மா. "எனக்குப் புரிஞ்ச மாதிரி எடுத்துக்கறேன். போறேன்."

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, தம்பியை வேலைக்கு லீவு போடவைத்து, மாத்திரை எப்போது, கஞ்சி எப்போது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அம்மா சொன்னபடியே கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து பேசினாள். புது வீட்டில் மாப்பிள்ளையோடு போட்டி போட்டுப் பேசினாள். ஒரு நாள் மகளின் பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கடைசி நிறுத்தம் வரை போய் அதே வண்டியில் திரும்பினாள். வழியில் ஏறி இறங்கிய பாதிப் பேருக்கு அவளைத் தெரிந்துவிட்டது.

வாரம் முடிந்ததும் பையைக் கட்டினாள்.

"இன்னும் கொஞ்ச நாள் இரேன்" என்றாள் மகள். "எதுக்கு ஓடறே? அவர் கூப்பிட்டாரா என்ன?"

"கூப்பிடல."

"அப்புறம்? பாவம்னா?"

"பாவமும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா, பையின் ஜிப்பை இழுத்தபடி. "நான் பேச வேண்டியதுல பாதிகூட இன்னும் பேசல."

அப்பாவுக்கு மெல்ல மெல்லச் சில வார்த்தைகள் திரும்பின. முதலில் கிளட்ச், கேஸ்கெட், பேரிங் என்று கவுன்டர் வார்த்தைகள்தான் வந்தன. பிறகு சோறு, வலி, வெளிச்சம். தினமும் பேசிப் பழகினால்தான் மேற்கொண்டு வரும் என்று பயிற்சிக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அப்பா சோர்ந்து வாயை மூடிக்கொள்ளும் நாட்களில் அம்மா எதிரே நாற்காலியைப் போட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாளாம், ஒரு சொல்லாவது வரும் வரை. தம்பிகூட இப்போது சாப்பிடும்போது அவரை நிமிர்ந்து பார்க்கிறான்.

மகளுக்குக் கோபம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். அம்மா போனை அப்பாவின் காதில் வைக்கிறாள். அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும், ஏதோ ஒரு சொல் பாதியில் உடையும். மகள் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு, "சரி, இப்ப நான் சொல்றதைக் கேளுங்க" என்று ஆரம்பிப்பாள், அவளுடைய வழக்கமான சத்தத்தில்.